தள்ளு

பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு என்றேன்.
மெற்றில்டா பேரம் பேசவில்லை.
ஈரக் குடையை மேசைக்கடியில் சாத்திவிட்டு
பொலித்தீன் பைக்குள்ளிருந்து மூன்று தாள்களை எடுத்தாள்.
புதுக்கடையில் அன்று மின்வெட்டு.
போட்டோக்கொப்பி மெசின்கள்
வாயைத் திறந்தபடி சும்மா கிடந்தன.

தம்பி கிளமென்ற் அங்கே மறியலில்.
பிடித்து விமானமேற்றி அனுப்பிய நாட்டுக்குள்
ஆறு கடந்து மறுபடி போனான்.
போனதற்கு ஒரு கணக்கு,
அதற்கு முன் கொழும்பில் வாங்கிய தண்டனைக்கு
இன்னொரு கணக்கு.
பழைய குற்றங்களை அங்கே
தட்டுத் தட்டாக அடுக்குவார்களாம்.
கீழ்த்தட்டென்றால் சில மாதம்.
மேல்தட்டென்றால், அவன் வெளியே வரும்போது
மகளுக்குக் கலியாணமே முடிந்திருக்கும்.

மேல்தட்டில் வைத்துவிட்டார்கள்.
மேன்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள்.

வாசித்தேன். சிங்களத் தட்டச்சு,
பாதி எழுத்துகளுக்குத் தலை இல்லை.
மலிபன் வீதிக் கடையொன்றில் ஒரு சுவர்மணிக்கூடு.
வாசலில் நின்ற காவலாளியை
‘தல்லு’ பண்ணிக்கொண்டு ஓடியிருக்கிறான்.
காவலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு.
மணிக்கூட்டின் கண்ணாடி வெடித்ததற்கு
தனியாக ஒரு வரி.

அந்தச் சொல் எங்களுடையது.
எப்போதோ தமிழிலிருந்து புறப்பட்டு
ளகரத்தை வழியில் தொலைத்து
சிங்களத்துக்குள் குடியேறிவிட்டது.
ஒருவரும் அதனிடம் விசா கேட்டதில்லை.

இப்போது அதை நான் ஆங்கிலத்துக்கு ஏற்றவேண்டும்.
அங்கே தள்ளுவதற்கு ஏழெட்டுச் சொல்.
ஒன்றுக்குள் பஸ் நெரிசல்,
ஒன்றுக்குள் திறக்காத கதவு,
ஒன்றுக்குள் இரத்தம்.

“மெதுவான சொல்லாப் பார்த்துப் போடுங்க, அக்கா.”

பொய்யென்றால் என் முத்திரைக்குத்தான் கேடு.
உள்ளதைத்தான் போடுவேன் என்றேன்.
அவள் தலையாட்டினாள்,
ஆனால் கையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் இடித்தது.
மேலே பிரிவு முந்நூற்று எண்பது, கொள்ளை.
கீழே ஒத்திவைத்த ஆறு மாதமும் சின்னத் தண்டமும்.
கொள்ளைக்கு இவ்வளவு லேசாகவா?
நடுவில், நான் தாண்டிப்போயிருந்த ஒரு வரி:
‘திருத்திய குற்றச்சாட்டுக்குக் குற்றவாளி என ஏற்றுக்கொண்டார்.’

என்னவாகத் திருத்தியது?

பதிவறையில் சுனேத்ரா
மூக்கில் லேஞ்சி கட்டிக்கொண்டு கட்டவிழ்த்தாள்.
கரையான் ஓரத்தை மட்டும் தின்று
வழக்கை மிச்சம் வைத்திருந்தது.
முந்நூற்று எண்பதின் மேல் மெல்லிய கோடு ஒன்று,
பக்கத்தில் முந்நூற்று அறுபத்தேழு,
நீதவானின் சின்னக் கையொப்பம்.
வெறும் களவு.
எல்லாம் இளநீலப் பென்சிலில்.

இளநீலம் போட்டோக்கொப்பியில் விழாது.
பதினாறு வருடமாக அவனுடைய களவு
கொள்ளையாகவே பிரதியெடுபட்டிருக்கிறது,
கடல் தாண்டியும்.

பதிவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“பென்சிலுக்கு நான் எப்படி அத்தாட்சி போடுவது?”
கையொப்பத்தைக் காட்டினேன்.
“இவர் செத்து நாளாச்சே.”
வழக்கேட்டை மூடினார், பிறகு திறந்தார்,
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

தள்ளு என்பதற்கு
இன்னும் நான் சொல் எழுதவில்லை.
பாவம், அந்தக் காவலாளிக்கும்
முழங்கை நொந்துதானே இருக்கும்.
அவருடைய பெயர் எந்தத் தாளிலும் சரியாக இல்லை,
மூன்று இடத்தில் மூன்று விதம்.

மெற்றில்டா வெளியே வாங்கில்.
செவ்வாய்க்கிழமை; இந்நேரம் அவள்
கொச்சிக்கடைக் கோவிலில் நிற்பவள்.
மடியில் ஈரக் குடை,
வாய் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது,
செபமோ நாளோ தெரியவில்லை.

ஏழு நாள்.
பதிவாளரின் கதிரையில் ஒரு துவாய் காய்கிறது.